உன் அப்பா மருந்து குடிக்கவில்லை

சாமி,

போன வாரம் தொலைபேசியில் நீ அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. ஹைதராபாத்தில் உன் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நின்றுகொண்டு, பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாவிட்டாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்மா, அப்பா கல்யாணத்துக்கு முந்தி மருந்து குடிச்சாராமே, நெசமா?" என்று கேட்டாய். ராசிபுரத்தில் நீ கட்டிக்கொள்ளப்போகும் கவிதாவின் தாய்மாமன் எங்கேயோ கேள்விப்பட்டு வந்து அவர்கள் வீட்டில் சொல்லியிருக்கிறார். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. நீ பயந்துபோயிருந்தாய். நான் சிரித்தது உன் பயத்தைப் பார்த்தல்ல. இந்தக் கேள்வி எங்களுக்கு ஒரு தூரத்து உறவுக்காரர் மாதிரி. பல வருடம் இருக்குமிடம் தெரியாமல் இருந்துவிட்டு, வீட்டில் நல்ல காரியம் என்றதும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன். உன் அப்பாவிடம் சொன்னேன். மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "எழுது, எதையும் உடாம எழுது" என்றார். "என்ற அண்ணன் கத்துன கதையையும் சேர்த்து எழுது" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எழுபதுகளின் நடுவில் நான் சேலத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். அந்த வேலை என்ன என்று நீ கேட்டதில்லை, நானும் விவரமாகச் சொன்னதில்லை. குமாரபாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து, வேதியியல் படித்து, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவதற்கு முன் எப்படியாவது ஒரு வேலையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஓடிய பெண் நான். டாக்டர் சகுந்தலா என்னை எடுத்துக்கொண்டார். அவர் நோய்க்கூறு மருத்துவர். உடம்பின் திசுவை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்பவர். பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் கையிலும் முதுகிலும் தோல் சிவந்து கொப்பளித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதை அவர் கவனித்திருந்தார். எல்லோரும் அதை வேர்க்குரு, சேற்றுப்புண் என்று களிம்பு தடவி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது போதவில்லை. தோலில் அழற்சி வருகிறதென்றால் தோலைத் தாண்டி உள்ளே என்ன போகிறது, போனது ரத்தத்தில் என்ன செய்கிறது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் எங்களுக்கு ஒரு ஜீப், அதை ஓட்ட அர்த்தநாரி, ரத்தத்தைப் பரிசோதிக்க நான். நீ இன்று நுரையீரல் திசுவில் பார்க்கிற அதே அழற்சியைத்தான் நாங்கள் அன்று பருத்திக்காட்டு முதுகுகளில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு நாங்கள் திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியில் முகாம் போட்டிருந்தோம். பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நேரம். வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. நாலைந்து பேர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, தசை தோலுக்கடியில் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. அவர்களில் வாட்டசாட்டமாக இருந்த ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு, "மருந்தக் குடிச்சுப்போட்டானுங்க, என்ற தம்பி மருந்தக் குடிச்சுப்போட்டானுங்க" என்று கத்தினார். அவர்தான் உன் பெரியப்பா. தூக்கிக்கொண்டு வரப்பட்டவர் உன் அப்பா. மாப்பிள்ளை பார்க்கும் படலத்துக்குப் பயந்து ஓடிய நான் என் மாப்பிள்ளையை முதன்முதலில் பார்த்த கோலம் இது.

டாக்டர் சகுந்தலா சோற்றுக் கையைக் கழுவக்கூட இல்லை. இமையை விலக்கிப் பார்த்தார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. உடனே அந்த விஷத்துக்கு மாற்றான அட்ரோப்பின் ஊசி போடச் சொன்னார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். கழுவி எடுத்த தண்ணீரை டாக்டர் தன் முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு என்னை அழைத்து, "மோந்து பாரு" என்றார். புளித்த கம்பங்கூழ் வாசனை வந்தது. மருந்தின் வாடை, அந்தப் பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரியான வாடை, அதில் இல்லை. ஆனால் அறை முழுக்க அந்த வாடை அடித்தது. எங்கிருந்து என்று தேடியபோது, கழற்றிக் கீழே போட்டிருந்த சட்டையிலிருந்து வந்தது. அவரைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும், மருந்தடிக்கும் தொட்டி உட்காருகிற இடத்தில், தோல் சிவந்து வெந்த மாதிரி இருந்தது. தொட்டி கசிந்திருக்கிறது. மருந்து வேர்வையோடு முதுகிலேயே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. டாக்டர் சட்டையை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடச் சொன்னார். வயிற்றுத் தண்ணீரையும் தனியாக எடுத்துவைத்தார். மேல்சிகிச்சைக்குச் சேலம் கொண்டுபோக வேண்டியிருந்தது. எங்கள் ஜீப்பிலேயே ஏற்றினோம். வழியில் ஊசியை நிறுத்தக் கூடாதென்று டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மல்லசமுத்திரம், ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம் வரை நான் வந்தேன். கை மரத்துப்போய்விட்டது. இன்றைக்கும் ஏதாவது சண்டை வந்தால் அந்தக் கையைத்தான் அவருக்குக் காட்டுவேன்.

ஏன் எல்லோரும் உடனே குடித்துவிட்டார் என்று முடிவுகட்டினார்கள் என்று நீ கேட்கலாம். அதற்கு முதல் நாள் அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை. பரமத்திப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசி நிச்சயம் செய்திருந்தார்கள். கிணற்றை வெட்டி முடிக்காமல் கல்யாணம் வேண்டாம் என்று உன் அப்பா நின்றிருக்கிறார். பேச்சு முற்றி, "செத்தாலும் இந்தத் தைக்கு மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் அதே காட்டில் வாயில் நுரை தள்ளி விழுந்து கிடந்தால் யார்தான் வேறு எதையும் நினைப்பார்கள்? ஊர் நினைத்தது, அண்ணன் நினைத்தார், பெண் வீட்டாரும் நினைத்தார்கள். அவர் கண் விழிப்பதற்குள், கொடுத்த தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்பதால் அந்தக் காலத்தில் இது போலீஸ் விவகாரமும்கூட. ஒரு ஏட்டய்யா வந்து கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேச்சு வந்ததும் வாக்குமூலம் வாங்கக் காத்திருந்தார். பாவம், நல்ல மனிதர். காத்திருந்த நேரத்தில் உன் அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

நான் ரத்தத்தைப் பரிசோதித்தேன். நரம்பு ஒரு தசையைச் சுருங்கச் சொன்னால், அந்தச் செய்தியை முடித்துவைக்க உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. பருத்திக்கு அடிக்கிற பாரத்தியான் மாதிரி மருந்துகள் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். செய்தி முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும், தசை துடித்துக்கொண்டே இருக்கும். உன் அப்பாவின் ரத்தத்தில் அந்த நொதி அடிமட்டத்தில் இருந்தது. பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டவளைப் போல டாக்டரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டுத் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "குடிச்சாலும் குறையும், தோல் வழியாப் போனாலும் குறையும். மருந்து உள்ள இருக்குன்னு மட்டும்தான் இந்த எண்ணுக்குத் தெரியும். எந்த வாசல்ல நுழைஞ்சதுன்னு தெரியாது" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் அந்த வார்த்தையிலிருந்துதான் நான் ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொண்டேன். நமக்குச் சாதகமாக ஒரு விடை வரும்போது, அதே விடை எதிராளிக்கும் சாதகமாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நீ உன் வேலையில் இதைத் தினமும் செய்கிறாய். வீட்டிலும் செய்.

அவருக்குப் பேச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம் "நான் குடிக்கல" என்பதுதான். யாரும் கேட்கவில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, சரி விடு, நடந்தது நடந்துபோச்சு, இனிமேல் அப்படிச் செய்யாதே என்று அழுதார். ஏட்டய்யா, உண்மையைச் சொன்னால் வழக்கு லேசாகப் போகும் என்று நயமாகச் சொன்னார். மறுக்க மறுக்க அவர்கள் இன்னும் பிரியமாக ஆறுதல் சொன்னார்கள். இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? ரத்தம் எடுக்க நான் போனபோது அவர் என்னிடம், "ஏனுங்க, நீங்களாச்சும் நம்பறீங்களா?" என்று கேட்டார். நான் சினிமாக் கதாநாயகி மாதிரி நம்புகிறேன் என்று சொல்லவில்லை. "பார்த்துட்டுச் சொல்றனுங்க" என்றேன். அந்த பதில்தான் தனக்குப் பிடித்தது என்று பிற்பாடு சொன்னார். நம்புகிறேன் என்று சொல்லியிருந்தால் இன்னொரு ஆறுதலாகப் போயிருக்கும். பார்க்கிறேன் என்று ஒருத்தி சொன்னது, தன் வார்த்தையை ஒருவர் மெனக்கெட்டுச் சோதிக்கத் தயாராக இருக்கிறார் என்று அவருக்குப் பட்டதாம். கவிதா உன்னிடம் ஏதாவது சொல்லி, அது உனக்குச் சட்டென்று பிடிபடாமல் போகும் நாள் வரும். அப்போது தலையாட்டிச் சமாதானம் செய்துவிட்டுப் போகாதே. உட்கார்ந்து பார்.

பாரத்தியானைக் காரத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் மஞ்சளாக மாறும். இது பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய சோதனை. வயிற்றுத் தண்ணீரை ஒரு குழாயிலும், சட்டையை அலசிய தண்ணீரை இன்னொரு குழாயிலும் எடுத்துக் காரம் விட்டுச் சூடாக்கினேன். வயிற்றுத் தண்ணீர் கலங்கலாக அப்படியே இருந்தது. சட்டைத் தண்ணீர் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்து, இளமஞ்சளாகி, சாமந்திப் பூ நிறத்துக்கு வந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை செய்தேன். டாக்டரை அழைத்துவந்து அவர் கண் முன்னால் செய்தேன். முதுகிலிருந்து அரிசியளவு தோலை எடுத்து அவர் நுண்ணோக்கியில் பார்த்திருந்தார். அழற்சி அணுக்கள் சந்தைக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. புண்ணான தோல் நல்ல தோலைவிடச் சுலபமாக மருந்தை உள்ளே விடும் என்று அவர் விளக்கினார். இரண்டு குழாய்களையும் எடுத்துக்கொண்டு போய் உன் அப்பாவிடம் காட்டினேன். இதுதான் உங்க வயிறு, இதுதான் உங்க சட்டை என்றேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, நல்லவேளை, கல்யாணத்துக்கு உடுத்த வாங்கிய சட்டையல்ல அது, பழைய சட்டைதான் என்று சொல்லிச் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். ஏட்டய்யா டாக்டர் எழுதிக்கொடுத்ததை வாங்கிப் படித்துவிட்டு, தன் வாழ்நாளில் இவ்வளவு நிம்மதியாக ஒரு வழக்கை மூடியதில்லை என்று கைகூப்பிவிட்டுப் போனார்.

ஆனால் ஊர் மூடவில்லை. ஆஸ்பத்திரித் தாள் ஆஸ்பத்திரிக்குத்தானே. வழக்கிலிருந்து தப்பிக்கப் படித்த பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து எழுதிக்கொடுத்ததாக ஜேடர்பாளையம் வரை பேச்சு. அண்ணனே நம்பவில்லை. அவர் கெட்டவரில்லை. தம்பி குடித்தான் என்றால் தன் கோபத்தால் குடித்தான் என்று ஆகிறது, அந்தப் பாரத்தை அவர் சுமந்துகொண்டிருந்தார். அதை இறக்கிவைக்கக்கூடப் பயப்பட்டார். டாக்டர், ஊரிலேயே போய் மருந்தடிக்கிற எல்லோருடைய ரத்தத்தையும் எடுப்போம் என்றார். எங்கள் ஆராய்ச்சிக்கும் அதுதான் தேவை. ஒரு தோல், ஒரு முதுகு போதாது, ஒரு காடு முழுக்கப் பார்க்க வேண்டும்.

பம்ப்செட் ரூமுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். ஒருவரும் கை நீட்டவில்லை. ரத்தத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பட்டணத்தில் விற்பார்கள் என்றார் ஒருவர். அர்த்தநாரி, உங்கள் ரத்தத்தில் இருக்கும் மருந்துக்கு யாரும் விலை தரமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தான். சிரித்தார்கள், ஆனால் வரவில்லை. உன் அப்பா அன்றுதான் வீடு திரும்பியிருந்தார், இன்னும் நடை தள்ளாடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து, ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டதும் உன் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார்.

"என்ற ரத்தத்த எடுங்க. அவன் அடிச்ச அதே தொட்டியிலதானுங்க நானும் அடிச்சேன். நான் குடிக்கல. என்றதுல ஒண்ணும் இருக்காது. அப்பத் தெரிஞ்சுபோகுமல்லங்க, யாரு குடிச்சதுன்னு."

டாக்டர் ஒரு காலிக் குழாயில் அவர் பேரை எழுதி மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் ஊசியை எடுத்தேன். பெரியப்பா கொடுத்த வேகத்தைப் பார்த்து இன்னும் சிலர் வந்து கொடுத்தார்கள்.

அடுத்த தடவை போனபோது ஊரே கூடி நின்றது. டாக்டர் முதலில் பெரியப்பாவை அழைத்தார். தம்பிக்கு எது குறைந்ததோ அதேதான் அவருக்கும் குறைந்திருக்கிறது என்றார். தம்பிக்கு அடியோடு போயிருந்தது, அவருக்குப் பாதியளவில் நிற்கிறது.

பெரியப்பா, "நான் குடிக்கலீங்களே" என்றார்.

"அதைத்தாங்க நானும் சொல்றேன்" என்றார் டாக்டர்.

பெரியப்பா அப்படியே வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலமானால் தலை கனப்பதும் கண் மங்குவதும் கொஞ்ச நாளாக இருக்கிறது, வெயில் என்று நினைத்தேன் என்றார். கூட்டத்தில் ஒவ்வொருவராக, எனக்கும் அப்படித்தான், எனக்கும் குமட்டுகிறது, எனக்குக் கை நடுங்குகிறது என்று சொல்லத் தொடங்கினார்கள். யாரும் யாரிடமும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. பெரியப்பா தலையை நிமிர்த்தித் தம்பியைத் தேடினார். ஏதோ புதிய சேதியை முதன்முதலில் சொல்கிறவரைப் போல, "டேய், நீ குடிக்கலடா" என்றார். உன் அப்பா, "அதத்தானுங்கண்ணா நானும் சொல்லீட்டே இருக்கறேன்" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அன்றைக்கு நாங்கள் கொண்டுபோன ஊசிகள் போதவில்லை. பருத்தி எடுக்கிற பெண்களும், வாளியில் கையை விட்டு மருந்தைக் கலக்கிக் கொடுக்கிற பெண்களும் வந்து வரிசையில் நின்றார்கள். அவர்கள் கைகளை அதுவரை யாரும் பார்க்கக் கேட்டதில்லை. டாக்டர் சகுந்தலாவின் ஆராய்ச்சி அந்தச் சாயங்காலத்தில் இரண்டு மடங்காகப் பெருகியது.

பரமத்திப் பெண் வீட்டார் சேதி கேட்டு மறுபடி ஆள் அனுப்பினார்கள். கிணறு முடியட்டும் என்றார் உன் அப்பா. அந்தப் பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்தது, அவர்கள் இன்றும் நம் மஞ்சளைத்தான் வாங்குகிறார்கள். கிணறு முடிவதற்குள் உன் அப்பா மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குச் சேலம் வந்துகொண்டிருந்தார். நொதி மெல்ல மெல்ல ஏறியது. ஏறி முடிந்து, யாருக்கும் இருக்கிற அளவுக்கு வந்தது. அப்போதும் வந்தார். ஒரு தடவை வாழைத்தார், ஒரு தடவை மொச்சை, ஒரு தடவை காவிரி மீன். டாக்டர் ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்க ரத்தம் என்னோடதைவிட நல்லா இருக்கு. இன்னும் எதைச் சோதிக்கணும்?" என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த குழாயைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. காலிக் குழாயை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறாயே என்று டாக்டர் அதற்கப்புறம் பல வருடம் என்னைக் கேலி செய்தார்.

இரண்டு சாதி, இரண்டு ஊர். லேசாக நடந்துவிட்டது என்று சொன்னால் பொய். பெண் கேட்க வந்தது உன் பெரியப்பா. என் அப்பா விசைத்தறிக் கொட்டகையில் இருந்தார். வந்த விஷயம் தெரிந்தும் தறியை நிறுத்தவில்லை. பேச்சைத் தட்டிக்கழிக்க அவருக்குத் தெரிந்த வழி அது. சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, மாப்பிள்ளை மருந்து குடித்தவராமே என்று கேட்டார். உன் பெரியப்பாவுக்கா குரலுக்குப் பஞ்சம்? தொட்டி கசிந்ததிலிருந்து தன் ரத்தத்தில் நொதி பாதியாகக் குறைந்தது வரை தறிச் சத்தத்தை மீறிக் கத்திச் சொன்னார். சொல்லச் சொல்ல ஒவ்வொரு தறியாக நின்றது. ஓட்டுகிறவர்கள் கதை கேட்பதற்காக நிறுத்திவிட்டார்கள். கடைசியில் கொட்டகையே அமைதியாக இருக்க, "தோலு வழியாப் போச்சுங்க" என்ற அவர் குரல் மட்டும் தெருவரை கேட்டதாம். என் அப்பா, ஒரு கேள்விக்கு விடை வந்துவிட்டது, இன்னொன்று இருக்கிறது என்றார். அந்த இன்னொன்றுக்கு விடை வர ஒரு வருடம் ஆனது. கல்யாணத்துக்கு எங்கள் பக்கமும் சிலர் வரவில்லை, அவர்கள் பக்கமும் சிலர் வரவில்லை. வந்தவர்கள் தாராளமாகக் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வராதவர்களில் பலர் நீ பிறந்ததும் வந்துவிட்டார்கள்.

எண்பதுகளில் நான் உன்னையும் ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவேன். தோலில் மருந்து பட்டால் என்ன ஆகிறதென்று பார்க்க டாக்டர் முயல் வளர்த்தார். நீ அவற்றுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டாய். பெயர் வைத்த முயலைத் தொட டாக்டருக்கு மனம் வரவில்லை. இந்தப் பயல் இருந்தால் ஆராய்ச்சி நடக்காது என்று சொல்லி, அந்த முயல்களைக் கூண்டோடு ஜீப்பில் ஏற்றி நம் காட்டுக்கு அனுப்பினார். அவை பெருகி, அக்கம்பக்கத்துக் கடலைக் காட்டுக்காரர்கள் எல்லாம் நம் வீட்டு வாசலுக்குச் சண்டைக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். உன் பெரியப்பா தன் பங்குக்கு ஒரு ஊழியம் ஆரம்பித்தார். எந்தக் காட்டில் வெற்று முதுகோடு ஒருவன் மருந்தடிப்பதைக் கண்டாலும் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்த் திட்டுவார். தொட்டியைக் கழற்றி, கசிவை அடைக்கிற வாசரைச் சோதிப்பார். காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி அடி, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளி, அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காதே என்று சொல்லுவார். ரத்தம் கொடுத்தவன் சொல்கிறேன் என்று முடிப்பார். எல்லோரையும் நாங்கள் காப்பாற்றிவிட்டோம் என்று உனக்குச் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகும் காட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், சிலர் பிழைக்கவில்லை. ஆனால் வருகிறவரின் முதுகையும் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தது. அட்ரோப்பின் எப்போதும் கைவசம் இருந்தது. உன் அப்பா பருத்தியைக் குறைத்து மஞ்சளுக்கு மாறினார். டாக்டரின் ஆராய்ச்சி எங்கெங்கோ படிக்கப்பட்டது. நீ அதைப் படித்துவிட்டுத்தான் அழற்சியைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றாய். அதில் எண்ணாக மட்டும் வரும் ஒருவர் உன் அப்பா, இன்னொருவர் உன் பெரியப்பா என்று நாங்கள் உனக்கு அப்போது சொல்லவில்லை. நீயாக ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் எங்கள் பாரத்தை ஏற்ற வேண்டாமென்று இருந்துவிட்டோம்.

இனி உனக்குத் தெரியாத சேதி. முந்தாநாள் நாங்கள் ராசிபுரம் போய்வந்தோம். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய். உன் அப்பாவே கூடத்தில் உட்கார்ந்து, கவிதாவின் தாய்மாமனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, அவர் காதில் விழுந்தது பாதிதான், மீதியையும் கேளுங்கள் என்று தொடங்கினார். லாரியில் வந்தது, ஏட்டய்யா விசிறியது, பெரியப்பா கையைச் சுருட்டியது எல்லாவற்றையும் சொன்னார். தாய்மாமன் முதலில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்ப்செட் ரூம் வரும்போது முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். தன் மைத்துனர் ஒருவரும் அப்படித்தான் காட்டில் விழுந்தார், குடித்துவிட்டார் என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று மெதுவாகச் சொன்னார். அவர் நல்லவேளையாக உயிரோடு இருக்கிறார். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அவரிடம் கேட்கப் போகிறேன் என்றார். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. தேதி மாறவில்லை.

கவிதா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் கதவோரம் நின்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவள் உன் அப்பாவிடம், "ஏனுங்க மாமா, உங்க அண்ணா அன்னைக்குக் கோவிச்சுட்டு ரத்தம் குடுக்காமயே போயிருந்தா என்ன ஆயிருக்குமுங்க?" என்று கேட்டாள்.

இத்தனை வருடமாக இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறோம். இதை யாரும் கேட்டதில்லை. உன் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"வேற வழி பார்த்திருப்பேன் சாமி" என்றேன் அவளிடம். "நான் உட்டிருக்கமாட்டேன்."

அவள் கதவோரத்திலிருந்து என் பக்கம் வந்தாள். பிறகு, காபி ஆறிப்போச்சுங்கத்தை, வேற கொண்டுவாரேன் என்று என் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். உன் அப்பா வீடு வரும் வரை பேருந்தில் பாடிக்கொண்டே வந்தார். பக்கத்துச் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

சீக்கிரம் லீவு போட்டுக்கொண்டு வந்து சேர். பெரியப்பா பந்தலுக்கு ஆள் பேசப் போகிறேன் என்று காலையிலேயே கிளம்பிவிட்டார்.

அம்மா